மலையகத் தோட்டமொன்றில் டொல்பின் விழா நடத்துவது எப்படி: ஓடையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டமொன்றில் டொல்பின்களையும் ஏனைய கடல்வாழ் உயிரினங்களையும் முன்னிட்டு ஒருநாள் சமூக விழா நடத்த விரும்பும் இளைஞர் மன்றங்கள், பாடசாலைகள், கோயில் கமிட்டிகள், மாதர் சங்கங்கள் ஆகியவற்றுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எங்கள் டிவிசனில் (தோட்டப் பிரிவில்) மூன்று தடவைகள் இவ்விழாவை நடத்தியிருக்கிறோம். அயல் தோட்டங்கள் இரண்டு முதன்முறையாக நடத்தியபோது கூடவே நின்று பார்த்தும் இருக்கிறோம். புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: பெனர் அச்சிடுவதிலிருந்து வேலையைத் தொடங்குகிறார்கள். பெனர் கடைசி வேலை. முதல் வேலை லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) கீழே ஓடும் ஓடையில் இருக்கிறது.

ஆயத்தத்துக்கு எட்டு வாரங்கள் வேண்டும்; கீழே வரும் வார எண்கள் விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டவை. அதற்குக் குறைந்த காலத்தில் மேடை போடலாம், பாட்டுப் போடலாம், டொல்பின் படம் ஒட்டலாம். ஆனால் மறுநாள் காலையில் ஓடைக்கரையில் வழமையைவிட அதிகமான குப்பை கிடக்கும். கீழே உள்ள முதல் நான்கு படிகளையும் வரிசை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம். அவற்றில் ஒவ்வொரு படிக்கும் அதற்கு முந்திய படி முடிந்திருக்க வேண்டும்; பின்னால் வரும் படிகளுக்கு அங்கங்கே குறித்த காலத்தைப் பாருங்கள்.

1. உங்கள் ஓடை எந்தக் கடலுக்குப் போகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள் (எட்டாம் வாரத்துக்கு முன்)

மலையகத்தில் இரண்டு தோட்டங்கள் ஒரே மலையின் இரு பக்கங்களில் இருக்கலாம்; ஆனால் அவற்றின் தண்ணீர் இரண்டு வெவ்வேறு கடற்கரைகளில் போய்ச் சேரலாம். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து நீர் மவுஸ்ஸாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்கள் வழியாகக் களனி கங்கையில் சேர்ந்து கொழும்பில் கடலில் கலக்கிறது. தலவாக்கலை, நானுஓயாப் பக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. பதுளை ஓயாவும் மகாவலிக்கே போகிறது. ஹப்புத்தளையின் தெற்குச் சரிவில் விழும் மழை தென்கடலுக்குப் போகிறது.

இதை முதலில் அறிய வேண்டியதன் காரணம் எளிது: விழாவில் எந்தக் கடலைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதை இதுவே தீர்மானிக்கும். அயல் தோட்டமொன்றில், களனிக்கு நீர் கொடுக்கும் ஓடையின் கரையில் நின்றுகொண்டு, "இந்த ஓடைதான் திருகோணமலைத் திமிங்கிலங்களிடம் போகிறது" என்று ஓர் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் சொன்னார். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று திருத்தியது. அதன்பிறகு அன்று சொல்லப்பட்ட எதையும் பிள்ளைகள் முழுதாக நம்பவில்லை.

நாங்கள் இதற்குச் செய்வது "கயிற்று ஆறு". தும்புக்கயிறு ஒன்றை எடுத்து, ஒரு கிலோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற அளவில் வெட்டுகிறோம். மகாவலிக்கு 335 சென்ரிமீற்றர், களனிக்கு 145 சென்ரிமீற்றர். மேல் நுனியை உங்கள் தோட்டமாக வைத்து, ஊர்களின் பெயர் எழுதிய துணித் துண்டுகளை வரிசைப்படி கட்டுங்கள். கொத்மலைப் பக்கமாயின் தலவாக்கலை, கொத்மலை நீர்த்தேக்கம், கம்பளை, பேராதனை, பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே, மினிப்பே, மஹியங்கனை, மனம்பிட்டி, கடைசியில் கொட்டியாரக் குடா. களனியாயின் லக்ஷபான, கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, ஹங்வெல்ல, கடுவெல, கடைசியில் முகத்துவாரம். கொழும்பில் கடை வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் முகத்துவாரம் என்ற பெயர் பழகிய பெயர். அது ஆற்றின் வாயைக் குறிக்கும் சொல் என்பது பலருக்கு அப்போதுதான் உறைக்கிறது. கொழும்புக்கான குடிநீரின் பெரும்பகுதி களனியில் அம்பத்தலே என்ற இடத்தில் எடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு தாயை ஓடைக்கு இறக்கிய செய்தி டொல்பின் அல்ல, இதுதான்: புறக்கோட்டையில் வேலை செய்யும் மகன் குடிக்கும் தண்ணீர் இந்த மலையில் விழுந்த மழை.

2. குப்பை எங்கே போகும் என்பதை முடிவுசெய்யுங்கள் (எட்டாம் வாரத்துக்கு முன்)

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஓடையைச் சுத்தம் செய்து முப்பது மூட்டைகளைச் சேர்த்துவிட்டு, அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் லயத்துக்குப் பின்னால் அடுக்குகிறார்கள். இரண்டு மழை, நாலு நாய், மூட்டைகள் மீண்டும் ஓடையில். எங்கள் முதல் வருடம் அப்படியே கழிந்தது. சிலர் கொளுத்திவிடுகிறார்கள். பொலித்தீன் புகையைச் சுவாசிப்பது பக்கத்துக் காம்பராக்களில் (லய அறைகளில்) உள்ள கைக்குழந்தைகள் என்பதால் அதை எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது.

ஆகவே ஒரு மூட்டையைக்கூடத் தூக்குவதற்கு முன்னர், அதை ஏற்றிச் செல்ல எந்த வாகனம் எந்த நாளில் வரும் என்ற உறுதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டிய இடம் பிரதேச சபை. "தோட்டம் எங்கள் எல்லைக்குள் வராது" என்ற பழைய பதில் இன்னும் சில இடங்களில் கிடைக்கும். 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்ட பின்னர் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் சேவை வழங்க வழி ஏற்பட்டுவிட்டது என்பதைக் கடிதத்திலேயே பணிவாக நினைவூட்டுங்கள். சபையின் டிரக்டர் கிடைக்காவிட்டால் தோட்ட நிர்வாகத்தின் லொறியைக் கேளுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் ஓடைச் சுத்திகரிப்பைத் தள்ளிவையுங்கள், விழாவையும் தள்ளிவையுங்கள்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். லயங்களுக்குக் கீழே குப்பை கிடப்பதற்குப் பெரும்பாலும் மக்களின் அசட்டை காரணமல்ல. குப்பை எடுக்க எவரும் வராத இடத்தில் தலைமுறைகளாக வாழ்வதே காரணம். விழா மேடையிலிருந்து "நீங்கள் கடலை அழுக்காக்குகிறீர்கள்" என்று வெளியூர்ப் பேச்சாளர் எவராவது சொன்னால் அடுத்த வருடம் யாரும் வரமாட்டார்கள், வராதது நியாயமும்கூட.

3. திகதியைத் தெரிவுசெய்யுங்கள்

மேற்குச் சரிவுத் தோட்டங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஜூன் 8ஆம் திகதி உலக சமுத்திர தினம் என்பதற்காக அன்றே ஹட்டன் பக்கத்தில் விழா வைத்தவர்கள் குடைக்கும் சேற்றுக்கும் நடுவே வைத்தார்கள். இப்பகுதிக்கு பெப்ரவரி, மார்ச் மாதங்கள் பொருத்தமானவை: ஓடையில் நீர் குறைந்திருக்கும், கரையில் இறங்கலாம், கொழுந்தும் குறைவான காலம். கற்பிட்டிக் கடலில் டொல்பின்களைப் பார்க்கும் பருவமும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையாகும் என்பதால், அங்கிருந்து வரும் மீனவர் அந்த வாரத்தில் கண்டதைச் சொல்லலாம். பதுளை உள்ளிட்ட ஊவாப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து நெடுநாளான ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் ஏற்றவை. அதே காலத்தில் திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்கள் காணப்படும்.

கிழமையைப் பொறுத்தவரை ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை). ஆனால் சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு வேண்டாம். அன்று பாதித் தோட்டம் டவுனுக்குப் போய்விடும். கோயில் திருவிழாவும் மலையகத்தின் மரபுக் கூத்தான காமன் கூத்தும் நடக்கும் நாட்களையும் பாடசாலைப் பரீட்சைகளையும் முன்கூட்டியே கேட்டு விலக்கிக்கொள்ளுங்கள்.

4. அனுமதிகள் (ஆறாம் வாரத்துக்கு முன்)

தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூல அனுமதி பெறுங்கள். துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) வாயால் கேட்டு வாங்கிய சம்மதம் அவர் இடமாற்றம் பெற்றால் காணாமல் போய்விடும். ஒலிபெருக்கிக்கும் ஊர்வலத்துக்கும் பொலிஸ் அனுமதி, உணவு வழங்குவதாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல், மாணவர்களைப் பாடசாலைக்கு வெளியே அழைத்துச் செல்வதாயின் அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனையின் சம்மதம் ஆகியன தேவை. கிராம சேவகருக்கு ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.

குழுவில் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவராவது இருக்கட்டும்; அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருப்பது நல்லது. வீட்டுக் குப்பை அவர்கள் கையால்தான் வெளியே போகிறது, அதை என்ன செய்யலாம் என்பதும் அவர்களுக்கே தெரியும். தொழிற்சங்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ள தோட்டத்தில் எல்லாத் தலைவர்மாரையும் ஒரே நாளில் சந்தியுங்கள். ஒருவரை முதலில் சந்தித்துவிட்டு மற்றவரிடம் ஒரு வாரம் கழித்துப் போனால், டொல்பினுக்கும் ஒரு கட்சி ஒட்டிக்கொள்ளும்.

5. ஓடையைச் சுத்தம் செய்தல் (விழாவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்)

விழா நாளன்று சுத்தம் செய்வது பெரிய தவறு. நல்ல உடுப்பில் வந்தவர்கள் சேற்றில் இறங்கமாட்டார்கள். இறங்கியவர்கள் குளித்துவிட்டுத் திரும்பி வரமாட்டார்கள். தவிர, சேர்ந்த குப்பையைக் காயவைத்து நிறுத்து வகைபிரிக்க நாட்கள் வேண்டும்.

தேவையானவை: தடித்த றப்பர் கையுறை, பூட்ஸ் அல்லது கணுக்காலை மூடும் சப்பாத்து, வெறுமையான உரப்பைகள், நீண்ட கைப்பிடியுள்ள முள்ளுக்கரண்டி, இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், முதலுதவிப் பெட்டி, குடிநீர். கையுறை இல்லாதவர் ஓடையில் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருந்து, காலில் உள்ள சிறு வெட்டுக்காயத்தின் வழியாகக்கூடத் தொற்றும். ஆகவே காயம் உள்ளவர்களை மேலே நின்று மூட்டை கட்டும் வேலையில் போடுங்கள்.

முதல்நாள் மாலையில் இருவர் கரையை நடந்து பார்த்துவர வேண்டும். அவர்கள் தேட வேண்டியது குளவிக் கூடு. தேயிலை மலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் டவுனிலிருந்து உதவிக்கு வரும் தொண்டர்களுக்குத் தெரியாது. கூடு உள்ள பகுதியை அடையாளமிட்டு முழுவதுமாகத் தவிர்த்துவிடுங்கள். கல் எறியும் வயதில் உள்ள பையன்களை அந்தப் பக்கமே அனுப்பாதீர்கள். அணைக்குக் கீழே உள்ள ஆற்றங்கரையாயின் மேலே மழை பெய்கிறதா, வான் கதவுகள் திறக்கப்படுமா என்று அன்று காலையில் விசாரித்த பின்னரே இறங்க வேண்டும்.

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நீரில் இறக்காதீர்கள். களைநாசினி, கிருமிநாசினிப் போத்தல்களைப் பெரியவர்கள் மட்டுமே எடுத்து, தனிப் பையில் கட்டி, தோட்டக் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். உடைந்த சாராயப் போத்தல்களுக்குத் தகர வாளி ஒன்று தனியாக வையுங்கள். உரப்பையில் போட்டால் தூக்குபவரின் தொடையைக் கிழிக்கும்.

6. நிறுத்தலும் எண்ணலும்

குப்பையை நிறுக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம், மேடையில் சொல்ல ஓர் எண் வேண்டும் என்பது மட்டுமல்ல. அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழி இல்லை என்பதுமாகும். தோட்டத்தில் தராசு இருக்கிறது. வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டு, கொழுந்து நிறுக்காத நேரமொன்றில் மடுவத்திலேயே (கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலேயே) நிறுத்துக்கொள்ளலாம்.

இரண்டு நாட்கள் காயவைத்த பிறகே நிறுங்கள். ஈரத்தோடு நிறுத்தால் தண்ணீரின் நிறையே பாதிக்கு மேல் வரும். எங்கள் மடுவத்தில் ஓர் அக்கா தராசைப் பார்த்துக்கொண்டே, "கொழுந்துக்குத்தான் ஈரத்துக்கு, சாக்குக்குன்னு கழிக்கிறீங்க, குப்பைக்குக் கழிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். மடுவமே சிரித்தது. நாங்கள் சாக்கின் நிறையையும் கழித்தே எழுதினோம்.

வகைகளை ஐந்துக்கு மேல் பிரிக்காதீர்கள், எழுதுபவர் குழம்பிவிடுவார். எங்களுடையவை: ஷாம்பு, பிஸ்கட் போன்றவற்றின் சிறு உறைகள்; யோகட் கோப்பை, போத்தல் முதலிய கடின பிளாஸ்டிக்; பொலித்தீன் பைகள்; குழந்தைகளின் பம்பர்ஸ் (டயபர்); மற்றவை. நிறையில் பம்பர்ஸ் முதலிடம், எண்ணிக்கையில் சிறு உறைகள் முதலிடம். இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் மாதர் சங்கம் உருப்படியாகப் பேசத் தொடங்கியது: சிறு உறைகளைக் கடைக்காரரிடம் பேசிக் குறைக்கலாம், பம்பர்ஸுக்குக் கிழமைக்கு ஒருநாள் டிரக்டர் வந்தே ஆக வேண்டும்.

7. டொல்பினைச் செய்தல் (நான்காம் வாரத்திலிருந்து)

ஊர்வலத்தில் தூக்கிச் செல்லும் பெரிய டொல்பின்தான் பிள்ளைகளை இழுக்கும். முதல் வருடம் மூங்கில் கூட்டின்மேல் பத்திரிகைத் தாளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டினோம். காலை எட்டு மணிப் பனியிலேயே அது தொய்ந்து, கோயிலடிக்கு வரும்போது மூக்கு விழுந்துவிட்டது. இப்போது பழைய சேலைத் துணியைத் தைத்துப் போர்த்துகிறோம். நனைந்தாலும் காயும், கழுவலாம், மறுவருடமும் பயன்படும். ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) மலிவு என்று எவராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஊர்வலம் போன பாதையெங்கும் வெள்ளைத் துகள்கள் உதிர்ந்து, அடுத்த மழையோடு ஓடைக்குப் போகும்.

எங்கள் கடல்களில் கூட்டங்கூட்டமாகக் காணப்படும் சுழல் டொல்பினையே மாதிரியாகக் கொள்ளுங்கள். நீளம் ஏறத்தாழ இரண்டு மீற்றர். ஆகவே உண்மை அளவிலேயே செய்யலாம். மூங்கிலைப் பிளந்து ஐந்து வளையங்கள் செய்யுங்கள்: கழுத்தில் சிறியது, முதுகுத் துடுப்பு வரும் இடத்தில் பெரியது, வாலை நோக்கி மெல்ல ஒடுங்குபவை. அவற்றை மூன்று நீளக் கீற்றுகளில் கட்டினால் கூடு நிற்கும். மூக்கு நீண்டு ஒல்லியாக இருக்கட்டும். முதுகுக்கு அடர் சாம்பல், பக்கத்துக்கு இளஞ்சாம்பல், வயிற்றுக்கு வெள்ளை என மூன்று நிறச் சேலைகள் போதும். தலையின் உச்சியில் ஒரு மூச்சுத் துளையைத் தைக்க மறக்காதீர்கள். பிள்ளைகள் வழமையாக வரையும் நீலநிற, மொட்டை மூக்கு டொல்பினை இந்த இடத்தில் திருத்திவிடலாம்.

அதிகம் பேர் விடும் தவறு வால். மீனின் வால் நிமிர்ந்து நிற்கும், பக்கவாட்டில் அசையும். டொல்பினின் வால் படுத்திருக்கும், மேலும் கீழுமாக அசையும். வாலைப் பிடித்து வருபவருக்கு இதைச் சொல்லிப் பழக்கவேண்டும், இல்லாவிட்டால் தப்பு மேளத்தின் அடி கேட்டவுடன் உற்சாகத்தில் இடமும் வலமும் ஆட்டி, டொல்பினைச் சுறாவாக்கிவிடுவார். முன்னால் இருப்பவர் இரண்டு அடிக்கு ஒருமுறை கோலை உயர்த்த, பின்னால் இருப்பவர் அப்போது தாழ்த்த வேண்டும். சுழல் டொல்பின் நீரிலிருந்து பாய்ந்து உடலின் அச்சில் பல தடவைகள் சுழலும் என்பதால், சிறு டொல்பின் ஒன்றை ஒற்றைக் கோலில் குத்தி, கோலை உள்ளங்கைகளில் உருட்டினால் பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கும்.

தப்புக் கலைஞர்களைக் கட்டாயம் அழையுங்கள், உரிய கூலியும் கொடுங்கள். காமன் கூத்தின் வேடங்களையோ பாடல்களையோ டொல்பினுக்காக மாற்றிப் போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது விரதத்தோடு ஆடப்படுவது. கூத்து வாத்தியாரின் மனம் நோகும்.

8. சொல்லப்போகும் செய்திகளைச் சரிபார்த்தல்

"டொல்பின் மீன்" என்ற சொல்லை முதலில் கைவிடச் செய்யுங்கள். டொல்பின் குட்டி ஈன்று பாலூட்டும் உயிரினம். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். ஓங்கில் என்பது அதற்கான தமிழ்ச் சொல். இந்த ஒரு விடயம் விளங்கினால், செவுள்வலையில் சிக்கிய டொல்பின் ஏன் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறக்கிறது என்பது தானே விளங்கும். டொல்பின், திமிங்கிலம், கடற்பசு, கடலாமை ஆகியவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் இலங்கைச் சட்டப்படி குற்றம் என்பதையும் எழுதிவையுங்கள்.

"மகாவலியில் டொல்பின் வருமா?" என்று நிச்சயம் கேட்பார்கள். வராது. இந்தியாவின் கங்கை நதியில் ஆற்று டொல்பின் உண்டு. இலங்கை ஆறுகளில் இல்லை.

அளவுகளைத் தோட்டத்தின் அளவுகளால் காட்டுங்கள். இருபத்தைந்து மீற்றர் நீளமான நீலத் திமிங்கிலம் என்று பலகையில் எழுதுவதால் எவருக்கும் எதுவும் தோன்றாது. நாங்கள் 82 அடிக் கயிற்றை லயத்தின் இஸ்தோப்பு (முன் விறாந்தை) நெடுகப் பிடித்தோம். ஒரு காம்பரா பத்தடி. கயிறு எட்டுக் காம்பராக்களைத் தாண்டி, ஒன்பதாவது வீட்டின் வாசலில் போய் நின்றது. அந்த வீட்டுப் பாட்டி வெளியே வந்து கயிற்றைப் பார்த்துவிட்டு, "இத்தன குடும்பத்துக்கும் ஒரு மீனா?" என்று கேட்டார். மீன் அல்ல என்று திருத்த எவருக்கும் மனம் வரவில்லை.

மிகைப்படுத்துவதில் எச்சரிக்கையாக இருங்கள். "இன்று வீசிய டொபி உறை நாளை டொல்பின் வயிற்றில்" என்று எழுத ஆசை வரும். மலைக்கும் கடலுக்கும் இடையில் பெரிய அணைகள் இருக்கின்றன. மிதக்கும் குப்பையில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களிலேயே தங்கிவிடும், ஒரு பங்கு கரைகளில் சிக்கும். ஆனால் வான் கதவுகள் திறக்கும் வெள்ள நாட்களில் மிதப்பவை கீழே போகின்றன; நீரில் கரைந்த உரமும் நொறுங்கிய பிளாஸ்டிக் துகளும் எந்த நாளிலும் போகக்கூடியவை. இதை இப்படியே சொல்லலாம். நீர்த்தேக்கக் கரையில் ஒதுங்கிய குப்பையைப் பார்த்த பிள்ளைகளிடம் பொய் எடுபடாது.

கடலின் துன்பம் முழுவதும் மலையிலிருந்து வருவதல்ல என்பதற்கும் ஒரு பலகை ஒதுக்குங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியபோது, அதில் இருந்த சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலிலும் மேற்குக் கரையிலும் பரவின. இறந்த ஆமைகளும் டொல்பின்களும் கரையொதுங்கின. மறுபக்கத்தில், 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையினரும் ஊர் மக்களும் இரவு முழுவதும் நின்று பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் தள்ளிவிட்டார்கள். இவ்விரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

படங்களும் தகவல்களும் வேண்டுமாயின் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை ஆகியவற்றுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே எழுதுங்கள். பதில் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் விழா நிற்காத வகையில் கையால் எழுதிய பலகைகளை ஆயத்தமாக வைத்திருங்கள்.

9. விருந்தினர்

அதிகாரிகளுக்கு முன்னர் ஒரு மீனவரை அழையுங்கள். கற்பிட்டியிலோ திருகோணமலையிலோ தமிழ் பேசும் மீனவர் ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கருவாடு கொண்டுவரும் வியாபாரிகளிடம் கேட்டாலே வழி கிடைக்கும். அவருடைய பஸ் செலவையும், கடலுக்குப் போகாததால் இழக்கும் நாட்கூலியையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இரவு தங்க இடமும் தடித்த கம்பளியும் ஒழுங்கு செய்யுங்கள். எங்கள் முதல் விருந்தினர் பாவம், நுவரெலியா மாவட்டத்துக் குளிருக்கு ஒரு சாரத்தோடும் சேர்ட்டோடும் வந்து இறங்கினார்.

அவரைப் பேச்சு மேடையில் நிறுத்தாதீர்கள். பிள்ளைகளை நிலத்தில் உட்காரவைத்து, அவரை நடுவில் இருத்தி, கேள்வி கேட்க விடுங்கள். ஒரு சிறுவன், "மாமா, டொல்பின் கடிக்குமா?" என்று கேட்டான். "கடிக்காது தம்பி. வலையில மாட்டினா எங்களத்தான் பார்க்கும்" என்றார் அவர். அதன்பிறகு கொஞ்ச நேரம் எவரும் கேள்வி கேட்கவில்லை.

உரைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். அரசியல்வாதிகளை அழைத்தால் எல்லாரையும் அழையுங்கள் அல்லது ஒருவரையும் அழையாதீர்கள். மாலை போடுவதாயின் நூலில் கோத்த பூமாலை.

10. விழா நாள்

காலை ஏழரைக்கு ஆட்கள், ஒன்பதுக்கு ஊர்வலம், பத்தரைக்குக் கயிற்று ஆறும் பலகைகளும், பதினொன்றரைக்கு மீனவருடன் உரையாடல், ஒரு மணிக்குச் சாப்பாடு, இரண்டு மணிக்குள் எல்லாம் முடிவு. பிற்பகலில் மலையில் மூடுபனி இறங்கிவிடும் என்பதால், மூன்று மணிக்கு மேல் எந்த நிகழ்ச்சியையும் வைக்காதீர்கள். பலூன் பறக்கவிடுவது, நாடா வெட்டுவது, கொன்ஃபெட்டி தூவுவது ஆகிய மூன்றும் கிடையாது. பெனர் துணியில், திகதி இல்லாமல் எழுதப்பட வேண்டும். அடுத்த வருடமும் கட்டலாம்.

சாப்பாட்டுக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பீங்கானும் ஒரு கோப்பையும் கொண்டுவர வேண்டும் என்று ஒரு கிழமைக்கு முன்னரே பிரட்டுக் களத்திலும் (காலையில் வேலை பிரிக்கும் இடத்திலும்) கோயிலிலும் அறிவியுங்கள். மறந்துவருபவர்களுக்காகக் கோயில் கமிட்டியின் பாத்திரங்கள் ஐம்பது இருக்கட்டும். "மக்கும் கோப்பை" என்று கடையில் விற்பதை நம்பி வாங்கிய தோட்டத்தில் மறுநாள் அவை வேலியெங்கும் கிடந்தன. உணவு ரொட்டியும் சம்பலும் பருப்பும் பிளேன்டீயும். கருவாடு போடலாமா என்ற விவாதம் ஒவ்வொரு வருடமும் வரும். மரக்கறிச் சாப்பாடாக வைத்தால் செலவும் குறையும், விவாதமும் முடியும்.

இரண்டு மணிக்கு எழுந்து போகும் முன்னர், நால்வர் கொண்ட குழு ஒன்று மைதானத்தை வரிசையாக நடந்து குப்பை பொறுக்க வேண்டும். அந்த நால்வரின் பெயர்களை முன்கூட்டியே எழுதிவையுங்கள். "எல்லோரும் சேர்ந்து செய்வோம்" என்றால் எவரும் செய்யமாட்டார்கள்.

11. விழாவுக்குப் பின்னர்

மறுநாள் மலைக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பதால் எல்லாம் அப்படியே கிடக்கும் ஆபத்து இருக்கிறது. ஆகவே அந்த வாரத்துக்குள் மூன்று வேலைகளை முடியுங்கள். குப்பையின் நிறையைப் பட்டியலாக எழுதி, கிழமைக்கு ஒருநாள் டிரக்டர் அனுப்பக் கோரும் கடிதத்தோடு இணைத்துப் பிரதேச சபையில் நேரில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்; முத்திரையில்லாத கடிதம் கொடுக்காத கடிதம். எங்களுக்கு இரண்டாம் கடிதத்துக்குப் பிறகுதான் டிரக்டர் வந்தது, அதுவும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. அடுத்து, செலவுக் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். மூன்றாவதாக, சுத்தம் செய்த அதே ஓடைப் பகுதியை மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் நிறுக்க ஒரு திகதி குறித்துவிடுங்கள். பகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள கற்களில் சுண்ணாம்பால் அடையாளமிட்டால் அளவு மாறாது.

டொல்பினின் சேலைத் துணியைக் கழற்றித் துவைத்து, நன்றாகக் காயவைத்து மடித்து வையுங்கள். மூங்கில் கூட்டைப் பிள்ளை மடுவத்தின் (குழந்தைக் காப்பகத்தின்) முகட்டில் கயிறு கட்டித் தொங்கவிடலாம். நிலத்தில் வைத்தால் எலி கூடு கட்டிவிடும், எங்களுடையதில் இரண்டாம் வருடம் ஆறு குட்டிகள் இருந்தன.